தேதி குறிக்க இவர்கள் யார்?

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ந் தேதி, உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களுக்கு மரணச் சான்றிதழ் எழுதப்பட்டது. எழுதியவர் மெக்கானிக் அல்ல. யந்திரத்தைக் கழற்றிப் பார்த்த எவரும் அல்ல. அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கும் மைக்ரோசாப்ட் கம்பெனி! விண்டோஸ் 10க்கு இன்றோடு எங்கள் கவனிப்பு முடிந்தது, இனி விண்டோஸ் 11தான், உங்கள் யந்திரம் அதற்குத் தகுதி இல்லை என்றால் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே அந்தச் சான்றிதழின் சாரம்.

கம்ப்யூட்டர் சீமான் வீட்டுச் சாமான், நமக்கென்ன வந்தது என்று எந்தத் தோழரும் ஒதுங்கிவிட வேண்டாம். விம்கோ நகரிலும், திருவொற்றியூரிலும், எண்ணூரிலும், அப்பால் மீஞ்சூர், பொன்னேரி கிராமங்களிலும் கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்து பல வருஷம் ஆகிவிட்டது. 2011 செப்டம்பர் 15ந் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. அதன் பின் வந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர் கைக்குப் போயின. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். மூத்தவள் படித்தாள்; தம்பி படித்தான்; இன்று அதே யந்திரத்தில் கடைக்குட்டி கல்லூரிக்கு மனுப் போடுகிறது. அப்பாவின் பி.எப். கணக்கும் அதில்தான் பார்க்கப்படுகிறது. பட்டா, சிட்டா எடுப்பதும் அதில்தான். அந்த யந்திரத்தைத்தான் இன்று குப்பையில் போடு என்கிறார்கள்.

நாம் கேட்கிறோம்: அது செத்துவிட்டதா, சாகடிக்கப்படுகிறதா?

பழுது யந்திரத்தில் இல்லை

கம்ப்யூட்டர் ஓட இரண்டு வேண்டும். ஒன்று, கையால் தொடக்கூடிய யந்திரம். மற்றொன்று, அதை ஓட்டுகிற மென்பொருள். விண்டோஸ் என்பது அந்த ஓட்டுநர். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10, பத்து வருஷம் வண்டியை ஓட்டியது. 2021 அக்டோபர் 5ந் தேதி விண்டோஸ் 11 வந்தது. புதிய ஓட்டுநர் வண்டியில் ஏறுவதற்கு முன்பே நிபந்தனை போட்டார். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டுமாம். இன்டெல் யந்திரம் என்றால், பொதுவாக 2017க்குப் பிறகு வந்த எட்டாம் தலைமுறைச் சில்லாக இருக்க வேண்டுமாம். இல்லையென்றால் ஏறமாட்டாராம்.

2011இலும் 2012இலும் நம் பிள்ளைகளுக்கு வந்த லேப்டாப்பில் இருந்த நினைவகம் 2 ஜிபி. 2017க்கு முன் வந்தவை எல்லாம் இந்த நிபந்தனையில் அடிபட்டுப் போகின்றன. நம் வீட்டு யந்திரம் மட்டுமல்ல. உலகத்தில் 24 கோடி கம்ப்யூட்டர்கள் இந்த ஒரு முடிவால் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே மதிப்பிட்டது. அது தொழிலாளர் சங்கமல்ல. கம்பெனிகளுக்கே புள்ளிவிவரம் விற்கும் நிறுவனம்!

பழைய யந்திரத்தைக் காப்பாற்ற முடியாததால்தான் கைவிட்டோம் என்று கம்பெனி சொல்லுமா? சொல்ல முடியாது. ஏனென்றால் அதே கம்பெனி விண்டோஸ் 10க்கு இன்னும் ஒட்டுப் போட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறது. வீட்டில் உபயோகிப்பவர் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு என்று அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் வருஷா வருஷம் பணம் கட்டினால் 2028 அக்டோபர் வரை உண்டு. ஆலைகளிலும் கருவிகளிலும் ஓடுவதற்கென்று விற்ற தனிப்பதிப்பு ஒன்றுக்கு 2032 ஜனவரி வரை உண்டு!

தோழர்களே, இதன் பொருள் என்ன? மருந்து இருக்கிறது. மருந்து காய்ச்சவும் படுகிறது. பணம் கட்டியவன் வார்டில் கொடுக்கப்படுகிறது. தர்ம ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவனைப் பார்த்து, உன் நோய்க்கு மருந்தில்லை, செத்துப்போ என்கிறார்கள். இதற்குப் பெயர் தொழில்நுட்பமா?

தீக்குச்சியா, கம்ப்யூட்டரா?

விம்கோ நகர் என்ற பெயர் எப்படி வந்தது என்பது இந்தப் பகுதித் தோழர்களுக்குத் தெரியும். தீப்பெட்டி செய்த விம்கோ கம்பெனியின் பெயர் அது. ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி முதலாளிகள் 1920களில் இந்தியாவில் போட்ட கம்பெனி. அந்த முதலாளிகளின் தலைவர் ஐவர் குரூகர், அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்து, பதிலுக்கு அந்தந்த நாட்டில் தீப்பெட்டி விற்கும் ஏகபோக உரிமையை எழுதி வாங்கியவர். 1932இல் பாரிஸ் நகரில் அவர் இறந்தபோது அந்தக் கடன் சாம்ராஜ்யம் சரிந்து விழுந்தது.

தீக்குச்சியை ஒருமுறை உரசினால் தீர்ந்தது. அது அதன் இயற்கை. அதற்காகத் தீப்பெட்டிக்காரனை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் தீக்குச்சி அல்ல. அதைத் தீக்குச்சியாக்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

இது புதிய தந்திரமுமல்ல. 1924இல் உலகத்தின் பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி, ஃபீபஸ் என்ற பெயரில் கூட்டணி கட்டின. அதற்கு முன் 1,500 மணி நேரம், 2,000 மணி நேரம் எரிந்த பல்புகள் இருந்தன. இனி எந்த பல்பும் 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று அவர்கள் நிர்ணயம் செய்தார்கள். அதிக நேரம் எரியும் பல்பு செய்த கம்பெனிக்கு அபராதம்! நல்ல சரக்கு செய்தவனுக்கு அபராதம் போட்ட விசித்திரம் இது.

இதையே கழனியில் வேலை செய்யும் தோழர்கள் வேறு வேஷத்தில் பார்த்திருக்கிறார்கள். விளைச்சலில் ஒரு பங்கை விதைக்கு எடுத்து வைத்த காலம் ஒன்று இருந்தது. வீரிய ஒட்டுவிதை வந்தபின் ஒவ்வொரு போகத்துக்கும் விதைக் கடை வாசலில் நிற்கவேண்டி வந்தது. தீராத பொருளைத் தீர்கிற பொருளாக்கு, வாங்கியவனைத் திரும்பத் திரும்ப வாசலுக்கு வரவழை. பல்பிலும் இதுதான். விதையிலும் இதுதான். கம்ப்யூட்டரிலும் இதுதான்.

திருவொற்றியூரில் 1950களிலிருந்து தயாராகி வெளியே போன புல்லட் மோட்டார் சைக்கிள்களில் எத்தனையோ இன்றும் ரோட்டில் ஓடுகின்றன. தேய்ந்த சாமானைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து மெக்கானிக் மாட்டிவிடுகிறார். இந்தத் தேதிக்கு மேல் இந்த வண்டிக்கு ஆயில் மாற்றக்கூடாது என்று எந்தக் கம்பெனியும் உத்தரவு போடவில்லை. போட்டிருந்தால் ஜனங்கள் சிரித்திருப்பார்கள். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் ஏன் தலையாட்ட வேண்டும்?

பூதம் காட்டும் வாதம்

கம்பெனியின் வக்கீல்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். பழைய மென்பொருளில் ஓட்டை இருக்கும், அந்த ஓட்டை வழியே திருடன் புகுவான், பாங்குப் பணம் போகும், ஆகவே புதிது வாங்குவது உங்கள் நன்மைக்கே என்கிறார்கள்.

இதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நாம் மறைக்கமாட்டோம். திருத்தம் வராத விண்டோஸ் 10ஐ இண்டர்நெட்டில் வைத்துக்கொண்டு பாங்குக் கணக்கையும் பி.எப். கணக்கையும் திறப்பது ஆபத்துதான். எந்தத் தோழரும் அலட்சியமாக இருக்கக்கூடாது.

ஆனால் அந்த ஓட்டை யார் விட்டது? கம்பெனி விட்டது. அதை அடைக்கும் திருத்தம் யாரிடம் இருக்கிறது? கம்பெனியிடம் இருக்கிறது. பூட்டைச் செய்து விற்றவனே, உன் பூட்டு சொத்தை, திருடன் வருகிறான், புது வீடு கட்டு என்று மிரட்டுகிறான். பூட்டை மாற்று என்றால் நியாயம். வீட்டை இடி என்பது என்ன நியாயம்?

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. கூடுதல் ஒரு வருஷத் திருத்தம் வேண்டுமானால் 30 டாலர் கட்டு, இல்லையேல் உன் கம்ப்யூட்டர் அமைப்புகளை எங்கள் கிடங்கில் சேமித்து வை என்று மைக்ரோசாப்ட் முதலில் நிபந்தனை போட்டது. ஐரோப்பாவின் நுகர்வோர் அமைப்புகள் கூச்சல் போட்டன. 2025 செப்டம்பரில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி மக்களுக்கு அந்த நிபந்தனை தளர்ந்தது. காசில்லாமலே தருகிறோம் என்று கம்பெனி இறங்கி வந்தது. பாரிஸ்காரனுக்குத் தளர்ந்த நிபந்தனை பொன்னேரிக்காரனுக்கு ஏன் தளரவில்லை? அங்கே கேட்டார்கள். இங்கே கேட்கவில்லை.

பிரான்ஸ் நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரு பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பது குற்றம், 2 வருஷம் சிறை, 3 லட்சம் யூரோ வரை அபராதம் என்று 2015இல் சட்டம் செய்தார்கள். பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைக்கக்கூடிய மாற்றத்தை வாங்கியவர்களுக்குத் தெரிவிக்காமல் செய்ததற்காக, 2020 பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனி அந்த நாட்டில் 2 கோடியே 50 லட்சம் யூரோ கட்ட நேர்ந்தது. நம் நாட்டிலோ, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் ஒரு கமிட்டி போட்டது. டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தது. கமிட்டியும் இணையதளமும் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தாது. சட்டம்தான் கட்டுப்படுத்தும்.

எரிகிற வீட்டில் பிடுங்குகிறவர்கள்

புதிது வாங்கச் சொல்லும் நேரத்தைப் பாருங்கள்! 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கம்ப்யூட்டர் நினைவகச் சில்லுகளின் விலை உலகச் சந்தையில் தாவி ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் ராட்சதத் தரவு மையங்கள் சில்லுகளை வாரி விழுங்குவது இதற்குப் பெரிய காரணம். இந்தச் சில்லுகளில் பெரும்பங்கைச் செய்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். சாதாரண ஜனங்களுக்கு குருசியல் என்ற பெயரில் விற்றுவந்த வியாபாரத்தை நிறுத்திக்கொள்கிறோம் என்று 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. பெரிய கை வாங்க வந்துவிட்டால் சின்னக் கைக்கு இடமில்லை!

ஒரு பக்கம், பழையதைப் போடு என்கிறார்கள். மறுபக்கம், புதியதன் விலையை ஏற்றுகிறார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது இலாபம் என்று நம் கிழவிகள் சொன்னது இவர்களைப் பார்த்துத்தானோ! கடைக்காரன் கவலைப்படாதே, தவணை இருக்கிறது என்கிறான். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பதே நிச்சயமில்லை. தவணை மட்டும் மாதந்தவறாமல் நிச்சயம்!

ஒரே முதுகில் மூன்று அடி

இந்த வியாபாரத்தில் உழைப்பவன் முதுகில் விழுவது ஓரடி அல்ல, மூன்றடி.

முதலடி ஆலையில். கைபேசியும் கம்ப்யூட்டரும் வானத்திலிருந்து விழுவதில்லை. நம் பிள்ளைகள்தான் ஸ்ரீபெரும்புதூரில் அவற்றைப் பூட்டிக் கோத்தார்கள். 2006இல் அங்கே நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. 2014இல் நோக்கியாவின் கைபேசி வியாபாரத்தை விலைக்கு வாங்கியது யார்? இதே மைக்ரோசாப்ட்! வரித் தகராறில் இருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. ஒப்பந்தத்துக்குக் கைபேசி செய்து கொடுக்கும் ஆலையாக அது நிறுத்தப்பட்டது. பிறகு, ஒப்பந்தமும் வேண்டாம் என்று மைக்ரோசாப்ட் சொல்லிவிட்டது. 2014 நவம்பர் 1ந் தேதி உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம் பெண்களும் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் கையில் பழுதில்லை, கண்ணில் பழுதில்லை, உழைப்பில் பழுதில்லை. தேதி குறிக்கப்பட்டது, அவ்வளவுதான். மனிதனுக்குத் தேதி குறிக்கத் துணிந்தவர்கள் யந்திரத்துக்குக் குறிக்கத் தயங்குவார்களா?

இரண்டாவது அடி வீட்டில். அதே தொழிலாளி தன் கூலியிலிருந்து தவணை கட்டுகிறான்.

மூன்றாவது அடி குப்பை மேட்டில். 2022ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது என்றும், அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்குக் கணக்கு இருக்கிறது என்றும் ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மற்றதெல்லாம் எங்கே? பழைய சாமான் கடைச் சந்துகளில் கிடக்கிறது. செம்புக்காக ஒயரை எரிக்கிறவர் நாசியில் ஏறுகிறது. துளித் தங்கத்துக்காக அமிலத்தில் பலகையைக் கழுவுகிறவர் விரலை அரிக்கிறது. ஈயமும் காட்மியமும் மண்ணில் இறங்குகின்றன. கொடுங்கையூர் குப்பை மேட்டின் புகையை ஆண்டாண்டு காலமாக விழுங்கியவர்கள் வடசென்னை ஜனங்கள். புது லேப்டாப்பின் பளபளப்பு கடை ஜன்னலில். அதன் சாம்பல் நம் வாசலில்!

வழி இருக்கிறது

அப்படியானால் பழையதைக் கட்டிக்கொண்டு அழவேண்டுமா? இல்லை. யந்திரம் உண்மையிலேயே செத்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். பிள்ளையின் படிப்புக்குப் பழைய யந்திரம் தாங்காது என்றால் புதிது வேண்டியதுதான். தொழிலாளி மகன் பழையதே போதும் என்று இருக்கவேண்டும் என்பது நம் வாதமல்ல. நல்ல யந்திரம் அவனுக்கும் உரிமைதான். அவன் தேவையை அவன் தீர்மானிக்கட்டும். கம்பெனி தீர்மானிக்கக்கூடாது என்பதே நம் வாதம்.

முதலில் யந்திரத்தைத் திறந்து பாருங்கள். மெதுவாக ஓடுகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினால் கிழவன் குமரனாகிறான். நினைவகம் 2 ஜிபி என்றால் 4 அல்லது 8 ஆக்க முடியுமா என்று கேளுங்கள். சூடேறி நின்றுவிட்டால் விசிறியில் தூசி அடைத்திருக்கும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் ரிச்சி தெருவுக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். இந்த வேலைகளைச் செய்யும் கை அங்கே இருக்கிறது. நினைவகத்தின் விலை ஏறியிருந்தாலும், புது யந்திரத்தின் விலையைப் பார்க்க இது சிறு தொகைதான்.

அடுத்து, ஓட்டுநரை மாற்றுங்கள். லினக்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் கருவை எழுதி உலகத்துக்குத் திறந்துவிட்டார். உலகெங்கும் எண்ணற்றவர்கள் கைசேர்த்து வளர்த்தார்கள். காசு இல்லை, தேதி குறித்து யந்திரத்தைக் கொல்லும் முதலாளி இல்லை. லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்றவை பழைய யந்திரத்திலும் ஓடும். திருத்தங்களும் தொடர்ந்து வரும். பென் டிரைவில் ஏற்றி, உள்ளே எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்த்துத் திருப்தி ஏற்பட்டால் நிறுவலாம். படங்களையும் சான்றிதழ்களையும் முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சில பிரிண்டரும் டாலி போன்ற சில மென்பொருளும் முரண்டு பிடிக்கும். அந்த வேலை உள்ளவர்கள் விசாரித்து மாறவேண்டும். மனுப் போடவும், படிக்கவும், தமிழில் கடிதம் எழுதவும் எந்தத் தடையும் இல்லை.

இது கனவு என்று சொல்லாதீர்கள். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல வருஷமாக லினக்ஸில்தான் படிக்கின்றன; அதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த மாநிலத்தின் கைட் நிறுவனம் 2019இல் கணக்குச் சொன்னது. ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் தன் அலுவலகங்களின் 30,000 கம்ப்யூட்டர்களை மைக்ரோசாப்டிலிருந்து விடுவிப்பதாக 2024இல் அறிவித்தது. நம் வீட்டிலேயே பாருங்கள்: விலையில்லா லேப்டாப்பில் பாஸ் லினக்ஸும் ஏற்றித் தரப்பட்டது. அதை உருவாக்கியது சென்னையில் உள்ள சி-டாக் என்ற சர்க்கார் நிறுவனம். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடையில் கொடுத்துத் திருட்டு விண்டோஸ் ஏற்றிக்கொண்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. வண்டி கொடுத்தவர்கள் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டாமா?

நாம் கேட்பது

2026 ஜனவரி 5ந் தேதி, கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கும் புதிய திட்டத்தை மாநில சர்க்கார் தொடங்கியது. முதல் கட்டத்தில் 10 லட்சம் பேருக்கு. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்த லேப்டாப்பும் ஒருநாள் பழசாகும். அன்றும் ஒரு கம்பெனி தேதி குறிக்கும். ஆகவே எந்தச் சர்க்கார் இருந்தாலும் நாம் கேட்பது இவை:

லேப்டாப் கொடுக்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் பள்ளியிலும் லினக்ஸ் பயிற்சியும் பழுதுபார்க்கும் பயிற்சியும் வேண்டும்.

முன்பு கொடுத்த லேப்டாப்களுக்கு வட்டந்தோறும் பழுதுபார்க்கும் முகாம் வேண்டும்.

விற்ற யந்திரத்துக்கு உதிரி சாமானும் பாதுகாப்புத் திருத்தமும் குறைந்தபட்சம் இத்தனை வருஷம் தரவேண்டும் என்று மத்திய சர்க்கார் சட்டம் செய்யவேண்டும். ஐரோப்பியனுக்குக் கொடுத்ததை இந்தியனுக்கும் கொடுக்கவைக்க வேண்டும்.

2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், கழிவைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைத்திருக்கின்றன. அது காகிதத்தில் தூங்கக்கூடாது. அந்த வேலையைச் செய்யும் கைகளுக்குக் கையுறையும், முகமூடியும், நியாயக் கூலியும் வேண்டும்.

நம் பங்குக்கு நாமும் செய்ய வேண்டியது உண்டு. சங்க அலுவலகத்திலும் படிப்பகத்திலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மேஜை போடுங்கள். தெரிந்த பிள்ளை ஒருவன் உட்காரட்டும். தெருவின் பழைய லேப்டாப்கள் ஒவ்வொன்றாக வரட்டும். உயிர் உள்ளதற்கு லினக்ஸ் ஏற்றுங்கள். உயிர் போனதிலிருந்து உதிரி எடுங்கள். மிச்சத்தை, உள்ளே இருக்கும் ஆதார், பாங்கு நகல்களை அழித்துவிட்டு, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டும் கொடுங்கள்.

தோழர்களே! அடுத்த முறை திரையில், உங்கள் கம்ப்யூட்டர் தகுதி இழந்துவிட்டது என்று எழுத்து ஓடினால் பதறிக்கொண்டு தவணைக் கடைக்கு ஓடாதீர்கள். யந்திரத்தைத் திறந்து பாருங்கள். ஓடுகிறதா? ஓடட்டும். கூலி கொடுத்து வாங்கிய பொருளுக்குத் தேதி குறிக்கும் உரிமை, கூலி கொடுத்தவனுக்கே உண்டு.